மயக்க மருந்து ஒத்துக்கொண்ட பெண்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

"போன்ல பேசினா ‘தியேட்டர்ல கூப்பிடறாங்க’ன்னு பாதியில ஓடிடறே, கடுதாசி எழுது, காகிதத்துலேருந்து ஓட முடியாது" என்றாய். ஓடவில்லை. டூட்டி ரூமின் ஆடுகிற மேசைக்கு ஒரு காலில் அட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீ அழுகையும் பேச்சுமாகச் சொன்னதில் எனக்குப் புரிந்தது, வாலுவுக்குப் பித்தப்பையில் கல் இருக்கிறது, அடிக்கடி வலிக்கிறது, அங்கே உள்ள சர்ஜன் எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார் என்பது. கல்யாணமாகிப் போன பிறகும் உன் மகளை நான் வாலு என்றே எழுதுகிறேன், மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

பித்தப்பையை எடுப்பது இப்போது பெரிய விஷயமே இல்லை. வயிற்றில் நாலு சின்னத் துளை, அடுத்த நாள் வீடு. எனக்குப் பயம் வயிற்றைப் பற்றி இல்லை, நம் வீட்டு இதயத்தைப் பற்றி. அப்பாவுக்கு இருந்தது. எனக்கு இருக்கிறது. வாலுவுக்குப் பதினேழு வயதில் நானே கூட்டிப்போய் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தபோது அவளுக்கும் இருந்தது. இதயத்துத் தசை தடித்துப்போய், ரத்தம் வெளியே போகிற வாசலை நெருக்குகிற வியாதி. பரம்பரையாக வருவது. சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. அப்பா போன அன்று காலையில்கூடப் பக்கத்து வீட்டுக்காரருக்கு பீரோவைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். கை கழுவப் போனவர் அங்கேயே விழுந்தார்.

மயக்க மருந்து கொடுக்கிறவனாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள். மயக்கத்தில் ரத்த அழுத்தம் இறங்குவது சகஜம். மற்றவர்களுக்கு இறங்கினால் இதயத்தை முடுக்கிவிடுகிற மருந்தைக் கொடுப்போம். அதுதான் சரி, எல்லா டாக்டரும் அதைத்தான் செய்வார்கள். நம் வீட்டு இதயத்தை முடுக்கினால் அது இன்னும் இறுகி வாசலையே அடைத்துக்கொள்ளும். ஊரைக் காப்பாற்றுகிற மருந்து நமக்கு எமன். நமக்குத் துடிப்பு நிதானமாக இருக்க வேண்டும், உடம்பில் நீர் வற்றக் கூடாது, ரத்தக் குழாய்கள் தளரக் கூடாது. தெரிந்த டாக்டருக்கு இது கவனமாகச் செய்துவிடக்கூடிய வேலை. தெரியாதவருக்கு எப்படி இருக்கும் என்று நான் எழுதவில்லை.

அதனால் அங்கே மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கும்போது முதல் பேச்சே இதுவாக இருக்கட்டும். அவர் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என் நம்பரைக் கொடு.

நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் தம்பி

*

பிப்ரவரி 15

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. டாக்டரய்யா, நல்ல வார்த்தை ஒன்று எழுத உங்கள் பேனாவில் மையே கிடையாதா?

முதல் பேச்சே இதுவாக இருக்கட்டும் என்று சுலபமாக எழுதிவிட்டாய். யார் முன்னால் பேசுவது? கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. சம்பந்தியம்மா டாக்டர் ரூம் வரை கூடவே வருகிறார். நல்ல மனுஷிதான், வாலுவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார். ஆனால் அவள் இரண்டு தும்மல் தும்மினால், "உங்க வீட்டுல யாருக்காவது இப்படி உண்டா?" என்று என்னைத் திரும்பிப் பார்க்கிற ரகம். மாப்பிள்ளை சாது. அம்மா போட்ட கோட்டைத் தாண்டாத பிள்ளை.

உன் கதையை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. எல்லாம் பேசி முடித்து, தேதியும் குறித்த பிறகு, நீ போய் அந்தப் பெண்ணின் அப்பா எதிரில் உட்கார்ந்து, காகிதத்தில் இதயத்தைப் படம் போட்டு, "எனக்கு இப்படி ஒரு வியாதி, தெரிஞ்சுக்கங்க" என்று விளக்கினாய். அவர் படத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "யோசிச்சு சொல்றோம் தம்பி" என்றார். பதினைந்து வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். நீ இன்னும் ஆஸ்பத்திரி கேன்டீனில் சாப்பிடுகிறாய். உண்மை பேசினவனுக்குக் கிடைத்தது இது. என் பெண்ணுக்கும் அதே கிடைக்க வேண்டுமா?

ஒன்று கேட்கிறேன். நீயே அவளுக்கு மயக்க மருந்து கொடு. உன் ஆஸ்பத்திரிக்கே கூட்டி வருகிறேன். "என் தம்பி அங்க பெரிய டாக்டர், செலவு குறையும்" என்று சொன்னால் சம்பந்தியம்மா ஒத்துக்கொள்வார். நீ கூடவே இருக்கும்போது யாரிடமும் எதையும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே. உனக்குத் தலை வாரி, பேன் பார்த்து, ஸ்கூலுக்கு இழுத்துக்கொண்டு போனவள் கேட்கிறேன். இதுவரை நான் உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

அக்கா

*

பிப்ரவரி 22

அன்புள்ள அக்கா,

பேன் பார்த்த கணக்கை எடுத்துவிட்டாய், இனி நான் எங்கே பேசுவது? கூட்டி வா.

சொந்தக்காரர்களுக்கு நாங்களே மயக்கம் கொடுப்பது வழக்கமில்லை. கை பதறும். அதனால் என் சீனியரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். அவரிடமும் சர்ஜனிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கேஸ் ஷீட்டிலும் எழுதுவேன். அதில் நீ தலையிடக் கூடாது.

இன்னொன்று. முந்தின நாள் நான் வாலுவிடம் பேசும்போது நீயும் சம்பந்தியம்மாவும் வெளியே இருக்க வேண்டும். நீங்கள் என்றில்லை, யாராக இருந்தாலும் நான் வெளியே அனுப்பிவிடுவேன். கூட வந்தவர்கள் எதிரில் நோயாளி உண்மை சொல்வதில்லை. மனைவி எதிரில் எவனும் குடிப்பதில்லை, மாமியார் எதிரில் எவளும் மாத்திரை சாப்பிடுவதில்லை. என்னோடு வேலை செய்கிறவர்கள் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

கடைசியாக, இது முடிந்ததும் வாலு தன் புருஷனிடம் சொல்லிவிட வேண்டும். நாளைக்கு ஒரு ஆபத்து என்றால் நான் பக்கத்தில் இருப்பேன் என்று என்ன நிச்சயம்? எனக்கும் அதே இதயம்தானே.

வாலு தினமும் சாப்பிடுகிற இதய மாத்திரையை ஆபரேஷன் அன்று காலையிலும் சாப்பிட வேண்டும். தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்று நான் சொல்கிறேன். பட்டினி போட்டுக் கூட்டி வந்து நிற்காதே.

உன் தம்பி

*

மார்ச் 18

என் அருமைத் தம்பிக்கு,

நன்றாக வீடு வந்து சேர்ந்தோம். வாலு எழுந்து நடக்கிறாள், டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடுகிறாள். உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சம்பந்தியம்மா ஊரெல்லாம் உன் புகழ்தான் பாடுகிறார். "உள்ள போனதும் தெரியல, வெளிய வந்ததும் தெரியல, கண்ணைத் திறந்து ‘பசிக்குது’ன்னா. அப்படி ஒரு கைராசி" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அன்று ராத்திரி வார்டில் அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு எனக்கு ஒரு யோசனை. அவ்வளவு பெரிய வியாதி என்றாயே, மயக்கம் கொடுத்தால் அப்படி ஆகும் இப்படி ஆகும் என்று எழுதினாயே, ஒன்றுமே ஆகவில்லையே. அப்படியென்றால் அது நீ நினைக்கிற அளவுக்கு இல்லையோ? சின்ன வயசில் இருந்தது வளர வளரச் சரியாகியிருக்கக் கூடாதா? எத்தனையோ பேருக்கு ஆகிறதே. நீ பெரிய டாக்டர்தான், ஆனால் அப்பா விழுந்ததைப் பார்த்தவன். அதனால் உனக்கு எல்லாரும் விழப்போகிறவர்களாகவே தெரிகிறார்களோ என்னவோ.

டிஸ்சார்ஜ் தாளை நான் என் பையில் வைத்துக்கொண்டேன். சம்பந்தியம்மாவுக்கு எதையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிற பழக்கம். மாத்திரையைப் பற்றிக் கேட்டார், சத்து மாத்திரை என்று சொல்லியிருக்கிறேன். அதைச் சாப்பிட்டால் சோர்வாக இருக்கிறது என்கிறாள் வாலு. எத்தனை நாளைக்குத்தான் சாப்பிடுவது?

நீ இளைத்திருக்கிறாய். அந்த கேன்டீன்காரன் உனக்கு என்னதான் போடுகிறான்?

அக்கா

*

மார்ச் 24

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வார்டு ரவுண்டுக்குப் போனேன். முதல் படுக்கைக்காரரிடம் கேட்டதையே இரண்டு தடவை கேட்டேன்.

உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று நான் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். பித்தப்பை ஆபரேஷனில் வயிற்றைக் காற்றால் உப்பவைத்து, தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்கவைப்பார்கள். உயர்த்திய உடனே அவளுடைய ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கியது. மானிட்டர் கத்த ஆரம்பித்தது. நர்ஸ் வழக்கமான முடுக்கு மருந்தை ஊசியில் ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நல்ல நர்ஸ், வேறு எந்த நோயாளிக்கும் அது சரியான மருந்து. நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். காற்றை வெளியே விடச் சொன்னேன், மேசையைச் சமமாக்கச் சொன்னேன், குழாய்களை இறுக்குகிற வேறு மருந்தைக் கொடுத்தேன், நீர் ஏற்றினேன். ஏறியது. சர்ஜன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார், பிறகு மெதுவாக முடித்தார். வெளியே வந்து உங்களிடம் சிரித்துவிட்டு, உடை மாற்றுகிற அறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சீனியர் வந்து தண்ணீர் கொடுத்தார்.

எங்கள் வேலை இப்படிப்பட்டது. சரியாகச் செய்தால் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். ஒன்றும் நடக்காததால் வியாதியே இல்லை என்று ஒருவர் முடிவு கட்டுவார், அது என் அக்காவாகவே இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அந்த வியாதி சரியாகாது. வளர வளரத் தசையும் வளரும். மாத்திரையை நிறுத்தாதே. சோர்வு அதிகம் என்றால் அளவைக் குறைத்துப் பார்க்கலாம், அதை நான் சொல்கிறேன், நீ சொல்லாதே. வார்டில் அவளிடம் தனியாகப் பேசினேன். "அவர் விஷயத்தை நான் பார்த்துக்கறேன் மாமா, நீங்க அம்மாவைப் பார்த்துக்கங்க" என்றாள். அவளுக்கு இருக்கிற தெளிவு உனக்கு இல்லை.

நீயும் ஒரு எக்கோ எடுத்துக்கொள். எத்தனை தடவை சொல்லிவிட்டேன்.

உன் தம்பி

*

ஏப்ரல் 20

தம்பிக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

உன் கடிதத்தில் நீதான் கதாநாயகன். நர்ஸ் கையைத் தட்டினேன், காற்றை விடச் சொன்னேன், தரையில் உட்கார்ந்தேன். என் பெண் அதில் ஒரு மூலையில் படுத்திருக்கிறாள். நீ கஷ்டப்படவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? ஒரு தாய்க்குக் கொஞ்சம் நிம்மதி வந்தால் அதைக்கூடப் பறித்துக்கொள்ள வேண்டுமா?

எனக்கு எக்கோ எதற்கு? அப்பாவிடமிருந்து அவளுக்கு அது எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? என் வழியாகத்தான் போயிருக்கும். நீ அதை எழுதாமல் எழுதுகிறாய், ஒவ்வொரு கடிதத்திலும். அதை ஒரு மெஷினில் வேறு பார்த்து நான் உறுதி செய்துகொள்ள வேண்டும், இல்லையா?

மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். இந்த ஒரு மாதமாக நன்றாகத்தான் இருக்கிறாள். முகத்தில் களை வந்திருக்கிறது. புருஷனிடம் சொல்லுகிற பேச்சையும் இனி எடுக்காதே. அது என் வீடு, என் பெண்ணின் வாழ்க்கை. நீ உண்மையைச் சொல்லித் தனியாக நிற்கிறாய் என்பதற்காக எல்லாரும் உன்னோடு வந்து நிற்க முடியாது.

எழுதின பிறகு கை வலிக்கிறது. ஆனாலும் கிழித்துப் போட மாட்டேன்.

அக்கா

*

ஏப்ரல் 27

அக்கா,

சரி. தனியாக நிற்கிறேன் என்றாய், நிற்கிறேன்தான். அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

வாலுவுக்கு நானே போன் செய்து மாத்திரையைப் பாதி அளவில் மறுபடி ஆரம்பிக்கச் சொன்னேன். "சரி மாமா" என்றாள். நீ கோபித்துக்கொள்வாய் என்று தெரிந்துதான் செய்தேன்.

அவளிடம் சொன்னதையே உன்னிடமும் சொல்கிறேன். எங்கே, எந்த டாக்டர், எந்தச் சின்ன ஊசியாக இருந்தாலும், அவளுக்கு மயக்கம் கொடுக்கும் முன்னால் ஒரே ஒரு வார்த்தை: "இதயத் தசை தடிச்சிருக்கு, பரம்பரையா வந்தது." அவ்வளவுதான். கேட்டதும் அந்த டாக்டருக்கு மிச்சமெல்லாம் தெரிந்துவிடும். பல் பிடுங்கப் போனாலும் சொல். யார் நின்றாலும் சொல். மற்ற எல்லாவற்றிலும் நீ ஜெயித்துக்கொள், எனக்கு இது ஒன்று போதும்.

தம்பி

*

அக்டோபர் 12

தம்பி,

காரியமெல்லாம் முடிந்து நீ ஊருக்குப் போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. நீ வந்தாய், தோள் கொடுத்தாய், என்னிடம் ஒன்றும் கேட்காமல் போனாய். கேட்காததுதான் என்னைக் கொல்கிறது. வாலு எப்படிப் போனாள் என்று நான் இன்னும் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம். மழை விட்டிருந்தது. மாடியில் நனைந்துபோன துணியை எடுத்துக்கொண்டு இறங்கும்போது படியில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. நான் அன்று அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். காரில் போட்டுக்கொண்டு பக்கத்திலிருந்த நர்சிங் ஹோமுக்குப் போனோம். உடனே திறந்து கழுவ வேண்டும், காத்திருந்தால் எலும்பு சீழ் பிடித்துவிடும் என்றார்கள். மயக்க மருந்து டாக்டர் ஒரு சின்னப் பெண். வாலுவுக்கு அக்கா என்று சொல்லலாம், அவ்வளவுதான் வயசு. ஈசிஜி தாளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இதுல கொஞ்சம் மாறுதல் தெரியுதும்மா. இவங்களுக்கு ஹார்ட்ல ஏதாவது பிரச்சினை உண்டா? வீட்டுல யாருக்காவது?"

சம்பந்தியம்மா வாலுவின் தலைமாட்டில் நின்றுகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். வாலு வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். அவள் மூடிக்கொண்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். மார்ச்சுலதான் பித்தப்பை ஆபரேஷன் ஆச்சு. முழு மயக்கம். நல்லா ஒத்துக்கிச்சு. என் தம்பிதான் கொடுத்தான், பெரிய ஆஸ்பத்திரியில மயக்க மருந்து டாக்டர்" என்றேன்.

அந்தப் பெண்ணின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். "அப்ப சரிம்மா, பயம் இல்ல" என்றாள். நான் பொய் சொன்னேனா? நடந்ததைத்தானே சொன்னேன். பெருமையாகக்கூட இருந்தது.

முதுகில் ஊசி போட்டுக் காலை மரத்துப்போக வைத்தார்கள். அப்புறம் கதவு திறப்பதும் மூடுவதுமாக ஆட்கள் ஓடினார்கள். அந்தப் பெண் முகமூடியைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்தாள். "பிரஷர் இறங்கிச்சு, மருந்து கொடுத்தேன், கொடுக்கக் கொடுக்க இன்னும் மோசமாச்சும்மா" என்று அழுதாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளையின் சித்தப்பா அந்த டாக்டர் மேல் புகார் கொடுத்திருக்கிறார். விசாரணைக்குக் குழு போட்டிருக்கிறார்கள். முதல் தடவை மயக்கம் கொடுத்தவன் என்று உன்னைக் கூப்பிடுவார்கள். "இதயம் நல்லாத்தான் இருந்துச்சு, இது அந்த டாக்டரோட கவனக்குறைவு" என்று நீ சொல்ல வேண்டும். வாலு போய்விட்டாள். இனி அவளைப் பற்றி, வியாதியை மறைத்துக் கட்டி வைத்தார்கள் என்ற பேச்சு அந்த வீட்டில் வரக் கூடாது. அதையாவது எனக்குச் செய். அந்தப் பெண்ணுக்கு வயசு இருக்கிறது, வேறு எங்காவது வேலை கிடைக்கும்.

அக்கா

*

அக்டோபர் 19

அக்கா,

முடியாது.

கேஸ் ஷீட்டில் என் கையெழுத்தில் வியாதியின் பெயர் இருக்கிறது என்பது ஒரு பக்கம். அது இல்லாமல் போயிருந்தாலும் முடியாது.

நேற்று அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்தேன். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உன் மாப்பிள்ளையின் உறவுக்காரப் பையன்கள் நர்சிங் ஹோம் கண்ணாடியை உடைத்த நாளிலிருந்து அவள் வெளியே வருவதில்லை. அவளுடைய அப்பா கதவைப் பாதி திறந்து யார் என்று கேட்டார். நான் யார் என்று சொன்னதும் அவள் எழுந்து வந்து நின்றாள். திட்டத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். கேட்டது ஒன்றே ஒன்று.

"சார், நான் எதைக் கவனிக்காம விட்டேன்?"

"எதையும் விடலம்மா. கேக்க வேண்டியதைக் கேட்டே. உனக்குக் கிடைச்ச பதில் அப்படி" என்றேன்.

முதுகில் போட்ட ஊசி குழாய்களைத் தளர்த்தும், இறங்கின அழுத்தத்துக்கு முடுக்கு மருந்து; அவள் கொடுத்தது எல்லாம் ஊருக்குச் சரியான மருந்து, நம் வீட்டைத் தவிர. என்னிடம் ஒரு தாய் வந்து, போன மார்ச்சில் முழு மயக்கம் கொடுத்தார்கள், நன்றாக ஒத்துக்கொண்டது, கொடுத்தவன் என் தம்பி என்று சொல்லியிருந்தால் நானும் நம்பியிருப்பேன். கூட வந்தவர்களை வெளியே அனுப்பியிருப்பேன், அது ஒன்றுதான் வித்தியாசம். அதற்காக அவளைத் தூக்கில் போட முடியாது.

நீ என் பெயரைச் சொல்லி வாலுவை உள்ளே அனுப்பினாய். அதை நினைத்தால் எனக்கு ஊசியைத் தொடப் பிடிக்கவில்லை. நான் அன்றைக்கு அவளை அவ்வளவு சுலபமாகக் காப்பாற்றாமல் இருந்திருந்தால், கொஞ்சம் தடுமாறி, ஐசியூவில் நாலு நாள் போட்டு எடுத்திருந்தால், நீ பயந்திருப்பாய். பயந்திருந்தால் அவள் இருந்திருப்பாள். இப்படியெல்லாம் யோசிக்க வைத்துவிட்டாய்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது அக்கா. குழந்தையைப் பறிகொடுத்தவளிடம் கோபப்படக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், போகவில்லை. விசாரணையில் எல்லாவற்றையும் சொல்வேன். நீ சொன்ன பதிலையும் சொல்வேன். மற்றவர்கள் வாயால் நீ கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன் என்றுதான் இந்தக் கடிதம்.

தம்பி

*

நவம்பர் 23

தம்பிக்கு,

நீ சொல்லிவிட்டாய். அந்தப் பெண்ணுக்கு மறுபடி வேலை கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது.

விசாரணை முடிந்த மூன்றாம் நாள் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். வாலுவின் துணிகளை ஒரு பெட்டியில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். நான் அவர் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டேன். "மறைச்சது தப்புதான் மாப்பிள்ளை, உங்க காலுல விழணும்" என்றேன். அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும் அத்தை. கல்யாணமான ஒரு வாரத்துலயே சொல்லிட்டா."

அவர் சொல்லிக்கொண்டே போனார். அவருக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லையாம். நெட்டில் தேடிப் படித்தாராம். மாத்திரை தீர்ந்தால் அவர்தான் வாங்கி வந்தாராம், நான் நிறுத்தச் சொன்ன அந்த மாதத்திலும். அவருடைய அம்மாவுக்கும் இந்த ஜூனில் பக்குவமாகச் சொல்லிவிட்டார்களாம். சம்பந்தியம்மா ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, அப்புறம் அவளை பக்கெட் தூக்கக்கூட விடவில்லையாம். அன்றைக்கு டாக்டர் கேட்டபோது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தாரே, அது நான் சொல்லட்டும் என்றுதான். பெற்றவளுக்குத் தெரியாததா, மார்ச்சில் அவள் தம்பியே மயக்கம் கொடுத்தானே, மயக்கத்துக்கு இது ஒரு தடை இல்லை போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டாராம். மாப்பிள்ளை வெளியே காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். "உள்ள அத்தை இருக்காங்க, சொல்லியிருப்பாங்கன்னு இருந்துட்டேன்" என்றார்.

"என்கிட்ட ஏன் யாருமே சொல்லல?" என்று கேட்டேன்.

"அவதான் வேண்டாம்னா. ‘அம்மா எனக்காகத்தான் இந்த ரகசியத்தைப் பொத்திப் பொத்திக் காப்பாத்தறாங்க. எல்லாருக்கும் தெரியும்னு சொன்னா ஒடிஞ்சு போயிடுவாங்க, இருந்துட்டுப் போகட்டும்’னா."

அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அந்த அறையில் அன்றைக்கு உண்மை தெரியாதவள் அந்த டாக்டர் பெண் ஒருத்திதான். என் மகள் அதைச் சொல்ல வாயைத் திறந்தாள், அவள் கையை அழுத்தினது நான். இதைவிடக் கொடுமையாக நீ எழுதிவிட முடியாது, அதனால் நீ எழுத வேண்டாம்.

நீ முதல் கடிதத்திலிருந்து சொன்னது எல்லாம் சரி. ஒரு வரிகூடத் தப்பில்லை. நீயும் தப்புச் செய்த தம்பி என்றால் உன்னோடு ஒரே வீட்டில் உட்கார்ந்து அழுதிருப்பேன். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னவன் முகத்தை இனி நான் எப்படிப் பார்ப்பது? வராதே. வந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன்.

வாலுவின் அம்மா